துருவுக்கு யார் பொறுப்பு?

துப்பாக்கியைத் துடைக்கும் வேலையை எல்லாப் படைகளும் ஒழுக்கத்தின் அளவுகோலாகவே கருதி வந்திருக்கின்றன. ஆயுதச் சோதனையின்போது அதிகாரி ஒவ்வொருவரின் குழலையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். உள்ளே கறை தெரிந்தால் தண்டனை உறுதி. துப்பாக்கி கெட்டுப்போனால் அதை வைத்திருந்தவன் சோம்பேறி என்பது முகாம்களின் எழுதப்படாத தீர்ப்பு. அது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பதே என் வாதம். ஒரு ராணுவத் துப்பாக்கியை எதைக்கொண்டு, எத்தனை முறை துடைக்க வேண்டும், துடைக்கத் தவறினால் என்ன ஆகும் என்பவை அது சிப்பாயின் கைக்கு வருவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகின்றன. வெடிமருந்தில் என்ன கலந்தார்கள், தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரில் என்ன உப்பு இருக்கிறது, குழலின் உட்புறத்துக்குக் குரோமியம் பூசினார்களா, துடைக்கும் கம்பியையும் எண்ணெயையும் கூடவே அனுப்பினார்களா என்ற கேள்விகளுக்கு ஆலையிலும் அலுவலகத்திலும் விடை எழுதப்படுகிறது. அந்த விடைகளுக்கு ஏற்பத்தான் சிப்பாயின் வேலை கூடுகிறது அல்லது குறைகிறது. சங்கிலியில் அவன் கை கடைசிக் கண்ணி. ஆனால் பழி எப்போதும் அந்தக் கண்ணியின் மேல்தான் முதலில் விழுந்திருக்கிறது.

கருமருந்துக் காலத்திலிருந்தே இதைப் பார்க்கலாம். வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த அந்த மருந்து எரிந்து முடிந்தபின் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். ஒரு பங்கு வெண்புகையாக வெளியேறும்; மீதி குழலின் சுவரில் ஒட்டும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்பை அரிக்கத் தொடங்கும். பத்து இருபது முறை சுட்டதும் குழல் குறுகி, அடுத்த குண்டு உள்ளே இறங்க மறுக்கும். இதற்கு 18ஆம் நூற்றாண்டுப் படைகள் கண்ட தீர்வு எளிமையானது. பிரிட்டிஷ் மஸ்கெட்டின் குழல் முக்கால் அங்குல விட்டம் கொண்டது; அதற்குக் கொடுக்கப்பட்ட ஈயக் குண்டோ வேண்டுமென்றே அதைவிடச் சிறிதாக வார்க்கப்பட்டது. கசடு படிந்தாலும் குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அதற்குக் கொடுத்த விலை குறி. தொளதொளவென்று புறப்படும் குண்டு நூறு கஜத்துக்கு அப்பால் எங்கே போய் விழும் என்று சுடுபவனாலேயே சொல்ல முடியாது. அதாவது, போர்க்களத்தில் துடைக்க நேரம் கிடைக்காது என்பதைத் துப்பாக்கியை வடிவமைத்தவர்களே ஒப்புக்கொண்டு அளவைத் தீர்மானித்தார்கள். பராமரிப்பைக் கருவிக்குள்ளேயே கணக்கில் எடுத்துக்கொண்ட நேர்மை அந்தப் பழைய மஸ்கெட்டில் இருந்தது. பிற்காலத்தில் பலமுறை அது காணாமல் போயிற்று.

குழலுக்குள் வரிப்பள்ளங்கள் வெட்டிய ரைஃபிள் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. 1853ஆம் ஆண்டு வடிவ என்ஃபீல்ட் ரைஃபிளில் குண்டு குழலை ஏறக்குறைய நிறைத்துக்கொண்டு போக வேண்டும். கசடுக்கு விட்டுவைத்த இடைவெளி கிடையாது. அதனால் குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். அந்தக் கொழுப்பு குண்டை வழுக்கவைத்து உள்ளே இறக்கும். முந்தைய வெடியின் கசடையும் இளக்கும். தோட்டாவோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட பராமரிப்புப் பொருள் என்று அதைச் சொல்லலாம். பிரிட்டனில் வகுத்த செய்முறையை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, அந்தக் கொழுப்பு எந்த விலங்கினுடையது, சிப்பாய்களின் மதத்துக்கு அது ஒவ்வுமா என்று உறுதிசெய்ய யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அந்தத் தோட்டாவை வாயால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் பயிற்சி மையத்தில் எழுந்த கலக்கம் அம்பாலாவுக்கும் சியால்கோட்டுக்கும் பரவ அதிக நாள் ஆகவில்லை. கொழுப்பில்லாத தோட்டாவைக் கொடுத்து, சிப்பாய்களே தங்களுக்கு உகந்ததைப் பூசிக்கொள்ளலாம் என்று அந்த மாத இறுதிக்குள்ளேயே அரசு அனுமதித்தது. கடிக்காமல் கையால் கிழிக்கும்படி பயிற்சி முறையும் பிறகு மாறியது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. அந்த ஆண்டு மூண்ட சிப்பாய் எழுச்சிக்கு நிலம், வரி, சம்பளம், நாடுகளை இணைத்துக்கொண்டது என்று ஆழமான காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் ஒரு கொழுப்புக் கட்டிக்குள் அடைப்பது சரித்திரத்துக்குச் செய்யும் அநீதி. ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. துப்பாக்கியைப் பேணும் பொருள் எது என்பதைக் கடல் கடந்து ஒரு கிடங்கு முடிவு செய்தது. விளைவை அனுபவித்தவர்கள் பாசறையில் இருந்தவர்கள். வேலூரில் 1806இல் சிப்பாய்களைக் கிளர்ந்தெழச் செய்த ஒரு தலைப்பாகையும் அதில் பதித்த தோல் சின்னமும் கற்றுக்கொடுத்த பாடத்தை அரை நூற்றாண்டுக்குள் மறந்த நிர்வாகம் அது.

1889இல் ஃபிரெடரிக் ஏபெலும் ஜேம்ஸ் டியூவரும் உருவாக்கிய கார்டைட் என்ற புகையற்ற மருந்து வந்தபோது, கசடுத் தொல்லை ஒழிந்தது என்றே எல்லோரும் நம்பினார்கள். ஒரு தொல்லை போய் இரண்டு வந்தன. முதலாவது வெப்பம். கார்டைட்டின் முதல் கலவையில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின் இருந்தது. அதன் சுடர், லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளுக்குக் கருமருந்தை எண்ணி மெட்ஃபோர்டு வகுத்திருந்த ஆழமில்லாத ஏழு வரிப்பள்ளங்களையும் விரைவிலேயே தேய்த்து அழித்தது. 1895இல் லீ-மெட்ஃபோர்டின் இடத்தில் ஆழமான ஐந்து பள்ளங்கள் கொண்ட லீ-என்ஃபீல்ட் வந்ததற்குக் காரணம் இதுதான். பின்னர் நைட்ரோகிளிசரின் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நீலகிரியில் குன்னூருக்கு அருகே 1903இல் நிறுவப்பட்ட அருவங்காடு தொழிற்சாலை இந்தியப் படைக்கு இந்தக் கார்டைட்டைத் தயாரிக்கவே எழுந்தது. அங்கே கலக்கும் தொட்டியில் ஒரு பொருளின் விகிதம் மாறினால், எல்லைப்புறக் காவல் அரணில் ஒருவன் கையிலிருக்கும் குழலின் ஆயுள் மாறும். எவ்வளவு அக்கறையாகத் துடைத்தாலும் அந்தத் தேய்மானத்தை அவனால் தடுக்க முடியாது.

இரண்டாவது தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. அந்தக் காலத்துப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாக மாறும். சமையல் உப்புக்கு நெருங்கிய உறவான உப்பு. கருமருந்துக் காலத்தில் ஏராளமான கசடோடு இந்தச் சிறு உப்பும் கலந்துவிடும். கசடைத் தண்ணீர் விட்டுக் கழுவியபோது அதுவும் போய்விடும். கார்டைட் காலத்தில் குழல் சுட்டபின்னும் பளபளப்பாகவே தெரிந்தது. தண்ணீர் எதற்கு என்று எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தார்கள். எண்ணெயில் உப்பு கரையாது. உப்புக்காற்றில் நிற்கும் கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பிக்கு மேலே பெயிண்ட் அடித்தாலும் உள்ளே துரு நடப்பதைப்போல, எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் அந்த உப்பு ஈரத்தை இழுத்து இரும்பை அரித்தது. நேற்று மாலை சுத்தமாக இருந்த குழல் மறுநாள் சிவந்திருந்தது. அமிலம் எஃகின் நுண்துளைகளுக்குள் புகுந்துகொண்டு மெல்ல வியர்வைபோல் வெளிவருகிறது என்று விளக்கம் சொன்னார்கள்; அதை முறிக்கக் காரம் கலந்த கரைசல்கள் விற்பனைக்கு வந்தன. 1922இல்தான் அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் என்ற வேதியியலாளர், குற்றவாளி பிரைமரின் உப்பு என்று பரிசோதனைகளால் நிறுவினார். பரிகாரம் எளிமையானது: தண்ணீர். பிரிட்டிஷ் படை இதை அனுபவத்தால் அறிந்திருந்தது. வளைந்த மூக்குள்ள புனலை, குழலில் தோட்டா அமரும் இடமான சேம்பரில் செருகிக் கொதிநீரை ஊற்றி, குழல் சூட்டிலேயே உலர்ந்தபின் எண்ணெய் பூசுவது அதன் விதி.

விதி சரியானதுதான். ஆனால் மழையும் சேறும் நிறைந்த பதுங்குகுழியில் குடிக்கவே வெந்நீர் கிடைக்காதவன் குழலில் ஊற்ற எங்கே போவான்? தீர்வு பிரைமரில் இருந்தது. அரிக்காத கலவைகள் 1920களிலேயே ஜெர்மனியில் சந்தைக்கு வந்துவிட்டன. அமெரிக்க ராணுவம் தன் முக்கிய ரைஃபிள் தோட்டாக்களில் பழைய கலவையை முழுவதுமாகக் கைவிட 1950கள் ஆயின. கிடங்கில் பல ஆண்டு கிடந்தாலும் தவறாமல் வெடிக்கும் என்பது பழைய பிரைமருக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம்; போர்க்காலத்தில் அது அற்பமான வாதம் ஆகாது, மதிக்கிறேன். வெடிக்காத தோட்டாவைவிடத் துருப்பிடித்த குழல் மேல். ஆனால் அப்படி ஒரு பேரத்தைச் செய்துகொண்ட நிர்வாகம், துருவைச் சிப்பாயின் தனிப்பட்ட குற்றமாக எழுதிவைக்கும் உரிமையையும் அப்போதே இழந்துவிடுகிறது.

லீ-என்ஃபீல்ட் ரைஃபிளோடு கொடுக்கப்பட்ட சாதனங்களைக் கொஞ்சம் அருகே சென்று பார்க்க வேண்டும். துப்பாக்கிக் கட்டையின் பின்முனையில் பித்தளைத் தகட்டுக்கு ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே விரல் தடிமனில் ஒரு பித்தளை எண்ணெய்க் குப்பி. மூடியின் உட்புறத்தில் எண்ணெயைத் தொட்டுவைக்கச் சிறு கரண்டி. அதற்குப் பக்கத்தில் சுருட்டிவைத்த கயிறு: ஒரு முனையில் உருளையான பித்தளைக் குண்டு, மறுமுனையில் துணி செருக வளையங்கள். நாலங்குல நீளமும் இரண்டங்குல அகலமும் உள்ள ஃபிளானல் துண்டை வளையத்தில் கோத்து, குண்டைச் சேம்பர் வழியாக இறக்கி, வாயில் எட்டிப்பார்க்கும் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நேராக இழுக்க வேண்டும் என்பது இதில் உயிரான விதி. சாய்த்து இழுத்தால் மணலும் கரியும் ஏறிய கயிறு துப்பாக்கியின் வாய் விளிம்பை உராயும். நூற்றுக்கணக்கான முறை அப்படி உராய்ந்தால் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழும். குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் வெடிவாயு ஒரு பக்கமாகக் கசிந்து குறி விலகும். கயிற்றுத் தேய்மானத்தால் குறி கெட்டுப்போன ரைஃபிள்கள் பிரிட்டிஷ் படையில் ஏராளம். இது என் வாதத்துக்கு மிக முக்கியமான சான்று. சோதனைக்குப் பயந்து அளவுக்கு மீறித் துடைத்தவனின் துப்பாக்கியும் கெட்டது. பளபளப்பைப் பராமரிப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்ட சோதனை முறைதான் அந்தச் சேதத்தை உண்டாக்கியது.

பாதுகாப்பாகக் கையாள்வதிலும் இதே கதைதான். முதல் உலகப் போரில் கனடியப் படை ஏந்திய ராஸ் ரைஃபிளின் மூன்றாம் வடிவத்தில் ஒரு கொடிய குறை இருந்தது. துடைப்பதற்காக, குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது, தவறான நிலையில் பூட்டினாலும் அது உள்ளே போய் மூடிக்கொள்ளும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் பூட்டு விழுந்திருக்காது. அந்த நிலையில் சுட்டால் போல்ட் பின்னோக்கிப் பாய்ந்து சுட்டவனின் முகத்தைத் தாக்கும். ஒழுங்காகத் துடைத்து மாட்டியவனே ஆபத்துக்கு ஆளாகும் அமைப்பு. தவறாகப் பூட்டவே முடியாதபடி போல்ட்டில் ஓர் ஆணியை அறைந்து பின்னர் இதைச் சரிசெய்தார்கள். அந்த ரைஃபிள் சேற்றிலும் பிரிட்டிஷ் தோட்டாவிலும் இறுகிக்கொண்டது தனிக் கதை. 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்தில் கனடியர்கள் அதை எறிந்துவிட்டு, விழுந்துகிடந்தவர்களின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த உலகப் போரில் பிரிட்டன் அவசர அவசரமாகத் தயாரித்த ஸ்டென் துப்பாக்கியை மேகஸினோடு கீழே போட்டால், கட்டை தரையில் மோதும் அதிர்ச்சியில் போல்ட் பின்னே போய்த் திரும்பி, தானே சுட்டுவிடக்கூடும். எச்சரிக்கையாக இருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் லாரியிலிருந்து குதிப்பவன் கையிலிருந்து துப்பாக்கி நழுவத்தான் செய்யும். பின்னால் வந்த ஸ்டென்களில் போல்ட்டின் கைப்பிடியை எதிர்ப்பக்கத் துளைக்குள் அழுத்திப் பூட்டிவைக்கும் வசதி சேர்ந்தது. சிறு மாற்றம், எந்த அறிவுரையாலும் கொடுக்க முடியாத பாதுகாப்பு.

இவை எல்லாவற்றையும்விட முழுமையாக ஆவணங்களில் பதிவாகியிருப்பது வியட்நாமில் எம்-16 ரைஃபிளுக்கு நேர்ந்தது. யூஜீன் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த அதன் மூலவடிவமான ஏஆர்-15, 1959இல் கோல்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1963 நவம்பரில் அமெரிக்க ராணுவத்துக்கு 85,000, விமானப்படைக்கு 19,000 என ஒப்பந்தம் ஆனது. எடை குறைவு, தோட்டா இலகு, உதைப்பு குறைவு. வெடிவாயுவை ஒரு மெல்லிய குழாய் வழியாக நேராகப் போல்ட்டைத் தாங்கும் உறுப்புக்குள்ளேயே கொண்டுவந்து இயக்கும் அமைப்பு அதன் சிறப்பு. அதனால் வாயுவில் என்ன கரி இருக்கிறதோ அது இயங்கும் உறுப்புகளின் நடுவிலேயே வந்து படியும். ஸ்டோனர் அதை டூபான்ட் நிறுவனத்தின் குச்சி வடிவ மருந்துக்குப் பொருந்தச் செய்திருந்தார். ராணுவமோ குண்டின் வேகம் நொடிக்கு 3,250 அடி இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அழுத்தம் வரம்பு மீறாமல் அந்த வேகத்தைப் பெருமளவு உற்பத்தியில் அந்த மருந்தால் எட்ட முடியவில்லை. 1964இல் ஓலின் நிறுவனத்தின் உருண்டை மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதில் அமிலத்தை முறிப்பதற்காகச் சேர்த்த கால்சியம் கார்பனேட் வாயுக்குழாயில் படிந்தது. சுடும் வேகமும் கூடியது. நிமிடத்துக்கு 850 என்ற வரம்பைத் துப்பாக்கிகள் தாண்டின. தோட்டா உறை சேம்பர் சுவரிலிருந்து நெகிழ்வதற்கு முன்பே அதைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது எந்திரம். இதில் என் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. உருண்டை மருந்தோடு சோதித்தால் துப்பாக்கிகள் வேகச் சோதனையில் தேறவில்லை என்று கோல்ட் முறையிட்டபோது, ஆலைச் சோதனையைப் பழைய மருந்து கொண்டே நடத்திக்கொள்ள ராணுவம் அனுமதித்தது. வியட்நாமுக்குப் போன தோட்டாக்களில் இருந்ததோ உருண்டை மருந்து.

இதற்கு மேல் இரண்டு விடுபடல்கள். இரண்டாம் உலகப் போரின் பசிபிக் காடுகளில் குழல்கள் துருவேறியதைக் கண்ட அமெரிக்கப் படை, முந்தைய எம்-14 ரைஃபிளின் குழலுக்கும் சேம்பருக்கும் குரோமியம் பூசியிருந்தது. எம்-16க்கு அந்தப் பூச்சைக் கொடுக்கவில்லை. ஈரமான தென்கிழக்காசியக் காட்டில் சேம்பர் குழி விழுந்து துருவேற, வெடித்து விரிந்த பித்தளை உறை அதில் கவ்விக்கொண்டது. அடுத்தது துடைக்கும் சாதனங்கள். இந்த ரைஃபிளுக்குப் பராமரிப்பு அதிகம் வேண்டாம் என்ற எண்ணம் எப்படியோ பரவி, பயிற்சியிலும் தலைகாட்டியது. துடைக்கும் கம்பிகளும் தூரிகைகளும் போதுமான அளவு போகவில்லை. கட்டையில் அவற்றை வைக்க அறையும் இல்லை. அந்த அறை பல ஆண்டுகள் கழித்தே வந்தது. உறை சிக்கிக்கொண்டால் வாய் வழியாகக் கம்பியைச் செருகி இடித்துத் தள்ளுவது ஒன்றே வழி. கம்பி கிடைத்தவர்கள் அதைக் குழலோடு சேர்த்து டேப் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். தானியங்கி ரைஃபிளை ஏந்தியவன், ஒவ்வொரு சிக்கலுக்கும் கருமருந்துக் காலத்து மஸ்கெட்காரனைப்போலக் குழலுக்குள் கம்பி விட்டுக்கொண்டிருந்தான்.

1967 வசந்தத்தில் மரீன் படைப்பிரிவுகளுக்கு எம்-16 வழங்கப்பட்டது. சில வாரங்களிலேயே கே சான் அருகே 881ஆம் குன்றுகளில் கடும் சண்டை. அதில் தப்பிய மரீன் ஒருவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளியாகி, நாடாளுமன்றம் வரை போனது. இறந்தவர்களில் பலர் சிக்கிய துப்பாக்கியைப் பக்கத்தில் பிரித்துப்போட்ட நிலையிலேயே கிடந்தார்கள் என்று அது சொன்னது. படைத் தலைமையின் முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: சரியாகத் துடைக்கவில்லை. ரிச்சர்ட் இகார்டு தலைமையில் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு அந்த ஆண்டு மே முதல் விசாரித்து அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. கோளாறுகளுக்கு உருண்டை மருந்துக்கு மாறியதே பெரும் காரணம் என்றும், தெரிந்தும் திருத்தாமல் விட்ட அதிகாரிகளின் போக்கு குற்றவியல் அலட்சியத்தின் எல்லையைத் தொடுகிறது என்றும் அது எழுதியது. அதே ஆண்டு சேம்பருக்குக் குரோமியம் பூசும் உத்தரவு வந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் புதிய அதிர்வுதாங்கி அதற்கு முன்பே சேர்க்கப்பட்டிருந்தது. மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் அளவும் குறைக்கப்பட்டது. 1968இல் வில் ஐஸ்னர் வரைந்த வண்ணப் படக்கதைக் கையேடு ஒவ்வொரு சிப்பாயின் கைக்கும் போக அச்சானது. துப்பாக்கியை ஒரு பெண்ணாக உருவகித்துப் பேசும் அதன் தொனி இன்று படிக்கும்போது உறுத்துகிறது. ஆனால் எந்த உறுப்பை எப்போது, எதனால் துடைப்பது, எங்கே எண்ணெய் கூடாது என்பதை இருபது வயதுப் பையனுக்குப் புரியும்படி அது சொன்னது. அந்தத் தெளிவு மூன்றாண்டுகளுக்கு முன்பே போயிருக்க வேண்டும்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு: துடைக்கத் தொடங்கியதும் எம்-16 ஒழுங்காகச் சுட்டதே, அப்படியானால் துடைக்காததுதானே காரணம்? 1965 நவம்பரில் யா டிராங் பள்ளத்தாக்கில் அதே ரைஃபிளை ஏந்திய படையின் தளபதி ஹால் மூர் அதைப் பாராட்டியே பேசினார்; பயிற்சியும் பேணுதலும் நன்றாக இருந்த இடத்தில் அது சுட்டது உண்மை. நான் அதை மறுக்கவில்லை. துடைத்தால் கோளாறு குறையும் என்பதும், துடைக்காததே கோளாறின் காரணம் என்பதும் வேறு வேறு கூற்றுகள். கம்பியும் தூரிகையும் கொடுக்காமல், பராமரிப்பு வேண்டாம் என்ற எண்ணத்தையும் பரவவிட்டு, மருந்தை மாற்றிவிட்டுப் பிறகு ஏன் துடைக்கவில்லை என்று கேட்பது நியாயமாகாது. குரோமியம் பூசியதும், மருந்தைத் திருத்தியதும், கம்பியும் கையேடும் கொடுத்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தன. அவற்றின் பலனைத் துடைப்பதன் கணக்கில் மட்டும் எழுதுவது ஆலையும் அலுவலகமும் செய்த பிழையை மறைப்பதாகும்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். ஏகே-47ஐப் பாருங்கள், சேற்றில் புதைத்து எடுத்தாலும் சுடும், நல்ல வடிவமைப்பு இருந்தால் பராமரிப்பே வேண்டாம் என்பார்கள். இந்தப் புகழில் பாதி உண்மை. உறுப்புகளுக்கு இடையே தாராளமான இடைவெளி, கூம்பலான தோட்டா உறை, குரோமியம் பூசிய குழல் எல்லாம் அதன் பொறுமைக்குக் காரணம். ஆனால் சோவியத் தோட்டாக்களின் பிரைமர் நெடுங்காலம் அரிக்கும் வகையாகவே இருந்தது. துடைக்காமல் விட்டால் அந்தத் துப்பாக்கியும் துருவேறும். அதனால்தான் குழலுக்கு அடியிலேயே துடைக்கும் கம்பி செருகப்பட்டிருக்கிறது; கட்டைக்குள் தூரிகையும் சிறு கருவிகளும் அடங்கிய குப்பி இருக்கிறது. துப்பாக்கியோடு சேர்த்தே துடைக்கும் சாதனமும் போகும். தொலைக்க வேண்டுமென்றால் இரண்டையும்தான் தொலைக்க வேண்டும். பராமரிப்புக்கு உரிய இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கிவைத்த நிர்வாகத்தின் வேலை அது. அன்றைய எம்-16இன் கட்டையில் இல்லாத அறை ஏகேயின் கட்டையில் இருந்தது என்ற ஒரு வேறுபாடே போதும்.

மிகக் கடினமான மறுப்பு பிரிட்டனிலிருந்து வருகிறது. 1985இல் அறிமுகமான எஸ்ஏ-80 ரைஃபிள் மணலிலும் தூசியிலும் சிக்கிச் சிக்கி நின்று பெயரைக் கெடுத்துக்கொண்டது. ஹெக்லர் அண்ட் காக் நிறுவனம் அதன் உறுப்புகளில் பலவற்றை மாற்றிக்கொடுத்தது. 9 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. திருத்திய துப்பாக்கியோடு 2002இல் ஆப்கானிஸ்தானுக்குப் போன ராயல் மரீன்களும் சிக்கல் என்று புகார் சொன்னபோது, பாதுகாப்பு அமைச்சகம் ஆராய்ந்துவிட்டுத் துப்பாக்கியில் குறையில்லை, சரியாகத் துடைத்து எண்ணெயிடாததே காரணம் என்றது. அந்த முடிவு சரியாகவே இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். சோம்பலால் துருவேறிய குழல்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றன. கைக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் பதினேழு ஆண்டுகளாகப் படைவீரர்கள் சொன்ன குறைகள் மெய்யென்று அந்தச் செலவே ஒப்புக்கொண்டபின், பதினெட்டாம் ஆண்டில் அவர்கள் சொன்னதைச் சந்தேகிக்கும் அமைச்சகம் முதலில் தன் தரப்பு ஆவணங்களை மேசைமேல் வைக்க வேண்டும்: எந்த எண்ணெய் கொடுக்கப்பட்டது, பாலைத் தூசியில் எவ்வளவு பூசச் சொல்லிக் கொடுத்தார்கள், பிரித்துத் துடைக்கக் களத்தில் எத்தனை மணி நேரம் இருந்தது, அந்தத் தொகுதித் தோட்டாவை அந்தத் தூசியில் யார் சோதித்தார்கள் என்று. இகார்டு குழு 1967இல் கேட்டவை ஏறக்குறைய இதே வகைக் கேள்விகள். அவற்றுக்கு விடை கிடைத்த பிறகுதான் யார் துடைக்கவில்லை என்ற கேள்விக்கு முறை வரும்.